நடுத்தர வண்டியா, சொகுசு வண்டியா? கார் வாங்கும் முன் வியாபாரி போட வேண்டிய கணக்கு

இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சரக்கு, பாக்கி, வரி என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை கார் வாங்குவதைப் பற்றி எழுதலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்டபோது, இதில் என்ன பாடம் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தோம். எழுத உட்கார்ந்த பிறகு பார்த்தால், சரக்கு, பாக்கி, வரி மூன்றும் இதற்குள்ளும் இருக்கின்றன.

நாங்கள் சேதராப்பட்டில் மயிலம் சாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். அண்ணன் தம்பி இருவர் கூட்டு. எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. மயிலத்தில் அதைவிடவும் அதிகம். குடோனில் சர்க்கரை மூட்டையைக் காப்பாற்ற ஓடிய அவசரத்தில், வாசலில் நின்ற காரை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் தண்ணீர் சற்று வடிந்ததும் உட்கார்ந்து சாவியைத் திருப்பினோம். செய்யக்கூடாத காரியம் அதுதான். எஞ்சினுக்குள் புகுந்திருந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. உள்ளே கம்பி வளைந்துவிட்டது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். சர்வேயர் வந்து பார்த்தார். சீட், வயரிங் நனைந்ததற்குப் பணம் உண்டு. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்கு இல்லை, அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு என்று சேர்த்துப் போட்டிருக்க வேண்டும் என்றார். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை நாங்கள்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். பாலிசி நகலில் எங்கள் கையெழுத்தே இருந்தது. பழுது பார்க்கக் கேட்ட தொகை வண்டியின் விலையைத் தாண்டியது. கழித்துக் கட்டிவிட்டோம்.

ஆகவே புது வண்டி. அங்கேதான் வீட்டில் இரண்டு கட்சி. பெரியவர்களான நாங்கள் ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், மாருதி கிராண்ட் விட்டாரா போன்ற நடுத்தர எஸ்.யூ.வி. போதும் என்றோம். தம்பியின் மகன், கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்பவன், "பெரியப்பா, வாங்குவது ஒரு தடவை, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-1, மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ., ஆடி க்யூ-3 மூன்றில் ஒன்றை வாங்கிவிடலாம்" என்றான். இவற்றைத்தான் காம்பாக்ட் சொகுசு எஸ்.யூ.வி. என்கிறார்கள். சண்டை போடாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்காக எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே தருகிறோம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"காம்பாக்ட்" என்றால் சின்னது, "மிட்சைஸ்" என்றால் அதைவிடப் பெரியது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அளவுப் பட்டியலைப் பாருங்கள். கிரெட்டா 4.33 மீட்டர். ஜி.எல்.ஏ. 4.41, க்யூ-3 4.48, எக்ஸ்-1 4.50 மீட்டர். "சின்ன" சொகுசு வண்டிதான் நீளம். அகலத்திலும் நான்கைந்து செ.மீ. கூடுதல். அந்தக் கம்பெனிகளின் பெரிய வண்டிகளோடு ஒப்பிட்டுத்தான் இவற்றைச் சின்னது என்கிறார்கள். நம் ஊர் வண்டியோடு ஒப்பிட்டு அல்ல. ஆகவே நேரு வீதியிலும் பெரிய மார்க்கெட் பக்கமும் நிறுத்துவதற்குச் சொகுசு வண்டி வசதி என்று விற்பனைப் பையன் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் ஒரே கஷ்டம்தான்.

இதற்கும் கீழே ஒரு வகுப்பு உண்டு. நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகள். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து நம் நாட்டில் கார் கம்பெனிக்காரர்கள் டேப் வைத்துக்கொண்டுதான் வண்டி வரைகிறார்கள். டிக்கியை வெட்டியது போன்ற கார்கள் ரோட்டில் ஓடுவதற்குக் காரணம் அழகல்ல, வரி.

வரி மாறியது

2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது கார்களுக்கு 28 சதவிகிதமும், அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தன. 1,500 சி.சி.க்குள் இருந்த நடுத்தர வண்டிகளுக்கு எல்லாம் சேர்த்து 45 சதவிகிதம், பெரிய எஞ்சின் எஸ்.யூ.வி.களுக்கு 50 சதவிகிதம் என்று நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் எடுக்கப்பட்டது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவிகிதம். மற்றதெல்லாம் 40. மின்சாரக் கார் முன்போலவே 5.

இதில் கவனிக்க வேண்டியது, நீளம், எஞ்சின் இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். நான்கு மீட்டருக்குள் இருந்தும் 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சின் போட்ட வண்டிக்கு 40தான். எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர் நீளத்தை மட்டும் பார்த்து, பதினெட்டு என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு முன்பணம் கட்டிவிட்டார். வரிக்கு முன் பத்து லட்சம் உள்ள வண்டியில் 18க்கும் 40க்கும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் வித்தியாசம்.

நாங்கள் பார்த்த நடுத்தர வண்டி, சொகுசு வண்டி இரண்டுக்குமே 40 சதவிகிதம். வரி சதவிகிதத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. ரூபாயில்தான் பேதம். வரிக்கு முன் 12.5 லட்சம் என்றால் வரி 5 லட்சம். 32 லட்சம் என்றால் வரி மட்டும் 12.80 லட்சம். அந்த வரிப் பணத்தில் ஒரு நல்ல சின்னக் காரே வந்துவிடும்.

இந்த வரியை நாம் கழித்துக்கொள்ள முடியுமா? பலரும் கேட்கும் கேள்வி இது. வண்டியைக் கடை பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் போட்டு வாங்கினால் உள்ளீட்டு வரி கிடைக்கும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். கிடைக்காது. டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு, நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு அந்த வரவு சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. கார் வியாபாரி, டாக்சி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் ஆகியோருக்குத்தான் விலக்கு. அந்தக் காரின் இன்சூரன்ஸ், ரிப்பேர் பில்லில் உள்ள வரிக்கும் இதே தடைதான். தெரியாமல் எடுத்துவிட்டால் பின்னால் வட்டியோடு கட்ட நேரும். ஆனால் சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்தத் தடை இல்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முப்பது லட்சம் எங்கே இருந்து வரும்?

சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து நடுத்தர வண்டி 19 லட்சம், சொகுசு வண்டி 49 லட்சம் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டோம். வித்தியாசம் 30 லட்சம்.

எங்கள் வியாபாரத்தில் துவரம் பருப்போ, உளுந்தோ சரக்கு இறங்கியதும் பேங்க் மூலம் பணம் அனுப்பினால் ஒரு விலை, முப்பது நாள் கடன் என்றால் ஒரு விலை. அந்தத் தள்ளுபடி ஒன்றரை சதவிகிதம் என்று வைப்போம். 30 லட்சம் மாதம் ஒரு சுற்று சுற்றினால் 45,000 ரூபாய். அந்தப் பணத்தைக் காரில் போட்டுவிட்டால், மாதாமாதம் 45,000 ரூபாய் தள்ளுபடி கைவிட்டுப் போகிறது.

பையன் விடவில்லை. "கைப்பணத்தைப் போட வேண்டாம் பெரியப்பா, லோன் போடலாம். ஒன்பது சதவிகிதம் என்றால் முப்பது லட்சத்துக்கு முதல் மாத வட்டி 22,500தான். நீங்கள் சொல்லும் 45,000ஐவிடக் குறைவு. கடன் வாங்குவதுதான் லாபம்" என்றான். நியாயமான பேச்சு; கொஞ்ச நேரம் எங்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு தவணையை எழுதச் சொன்னோம். ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 62,275 ரூபாய். வட்டி போக மிச்சம் 39,775 அசல். அந்த அசல் எங்கிருந்து வரும்? அதே கல்லாவிலிருந்துதான். முதல் வருடத்திலேயே சுமார் ஐந்து லட்சம் கொள்முதல் பணம் காருக்குப் போயிருக்கும். ஐந்து வருடத்தில் முப்பதும் போய், மேலே 7.36 லட்சம் வட்டியும் போயிருக்கும். ஒரேயடியாக வலிப்பதற்குப் பதில் மெதுவாக வலிக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கி பொங்கலுக்கு முன் ஒரு மாதிரி வரும், ஐப்பசி மழையில் ஒரு மாதிரி வரும். தவணை ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதிதான்.

பாக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சொகுசு வண்டியில் வசூலுக்குப் போனால் மரியாதை கூடும் என்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. பாக்கிக்காரர் கண்ணில் வண்டி பட்டால், "முதலாளிக்கு என்ன குறை, அடுத்த வாரம் கொடுத்தால் போகிறது" என்று நினைக்கிறார். சரக்கு கொடுக்கும் மில்காரர் கண்ணில் பட்டாலோ, கடன் நாளைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார். வசூலுக்கு நாங்கள் இன்றும் மொபெட்டில்தான் போகிறோம்.

தேய்மானக் கழிவு

"தேய்மானம் எழுதலாம், வருமான வரி குறையும்" என்பது அடுத்த வாதம். காருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவிகிதம், குறையும் மதிப்பின் மேல். 49 லட்சத்துக்கு முதல் வருடம் 7.35 லட்சம். வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அதில் பாதிதான். அதாவது அக்டோபருக்குப் பிறகு தீபாவளி ஆஃபரில் வாங்குகிறவர்களுக்குப் பாதி. கூட்டு நிறுவனம் 31.2 சதவிகித வரி கட்டுகிறது என்றால், 7.35 லட்சத்துக்கு மிச்சமாவது சுமார் 2.29 லட்சம். ஒரு ரூபாய் செலவு செய்து முப்பத்தோரு பைசா மிச்சம் பிடிப்பதை லாபம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டார். வீட்டு உபயோகமும் இருந்தால் அந்தப் பங்கை அதிகாரி கழித்துவிடுவார். மொத்த விற்பனையில் இத்தனை சதவிகிதம் லாபம் என்று அனுமான முறையில் கணக்குக் காட்டும் சிறு கடைக்காரர்களுக்கோ, தேய்மானம் தனியாகக் கிடையவே கிடையாது. அந்த லாபத்துக்குள் அதுவும் அடக்கம்.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஷோரூமில் ஒரு சதவிகிதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். மறந்துவிடாதீர்கள். ரொக்கமாகக் கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க விற்பவருக்கே அனுமதி இல்லை.

பிறகு விற்கும்போது வரும் விஷயம். தேய்மானம் எழுதிய பழைய காரை ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி விற்றால், விற்ற விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. புத்தக மதிப்பைவிடக் குறைவாக விற்றால் இல்லை. சொகுசு வண்டி விஷயத்தில் இந்தக் கவலை பெரும்பாலும் வராது. ஏனென்றால் புத்தகத்தில் குறைவதைவிட வேகமாகச் சந்தையில் விலை குறைந்துவிடுகிறது!

அதனால்தான் பையன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். நான்கு வருடம் ஓடிய சொகுசு வண்டி, புது நடுத்தர வண்டி விலைக்குக் கிடைக்கிறதே என்றான். போய்ப் பார்த்தோம். வண்டி நன்றாகத்தான் இருந்தது. கதவு மூடும் சத்தமே தனி. ஆனால் வாங்கும் விலைதான் 20 லட்சம். உடைந்தால் மாட்டும் சாமானின் விலை 50 லட்ச ரூபாய் வண்டியுடையது. ஒரு ஹெட்லைட் முழுதாக மாற்ற என்ன ஆகும், கியர் பெட்டியில் வேலை வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவனே அந்தப் பேச்சை விட்டுவிட்டான். வாரண்டி முடிந்த சொகுசு வண்டி, இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்குத்தான்.

விலாசம் கேட்ட உறவினர்

சேதராப்பட்டு எப்படி அமைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்துத் துண்டு நிலம். சுற்றிலும் வானூர் பக்கத்துத் தமிழ்நாட்டுக் கிராமங்கள். காலையில் டீ குடிக்கப் போனால்கூட எல்லை தாண்ட வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் சாலை வரி குறைவு. அந்தப் பக்கம் 2023 நவம்பர் முதல் பத்து முதல் இருபது லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவிகிதம், இருபதுக்கு மேல் 20 சதவிகிதம். நாற்பத்தைந்து லட்ச ரூபாய் வண்டிக்கு ஒன்பது லட்சம்.

நாங்கள் கார் பார்ப்பது தெரிந்து, தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் வந்தார். அவரும் சொகுசு வண்டி எடுக்கிறாராம். "உங்கள் கடை மாடியில் வாடகைக்கு இருப்பதாக ஒரு பத்திரம் மட்டும் போட்டுக் கொடுங்கள், பி.ஒய்.-01 நம்பரில் பதிந்துகொள்கிறேன்" என்றார். 2017இல் கேரளத்தில் நடந்ததை எடுத்துச் சொன்னோம். அங்கே ஓடிய விலையுயர்ந்த கார்கள் பலவும் புதுச்சேரி எண்ணில் இருப்பது தெரிந்து, விலாசத்தைத் தேடி வந்தால் சம்பந்தமே இல்லாத வீடுகள். சினிமாக்காரர்கள் வரை வழக்கு போயிற்று. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. வரியைக் கட்டாதவர் அவர். பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்களாக இருப்போம். முடியாது என்று சொல்லிவிட்டோம். அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். சங்கடம்தான். எங்கள் வீட்டிலேயே சிலர், இதற்குப் போய் உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்றார்கள். குடோனுக்கு அதிகாரிகள் வந்து நின்றால் உறவினர் வரமாட்டார் என்பது எங்கள் கணக்கு.

நம்மில் சிலருக்கும் இது பொருந்தும். கடை சேதராப்பட்டில், வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள், வண்டி எங்கே நிற்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முறைப்படி செய்துகொள்வது நல்லது.

ஓட்டிப் பார்த்ததில் கண்டது

சொகுசு வண்டிக்கு உரியதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை. இரண்டையும் திண்டிவனம் வழியாகச் சென்னைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நூறு கி.மீ. வேகத்தில் சொகுசு வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. பேச்சுச் சத்தம் கேட்கிறது, பிரேக் பிடித்தால் நிற்கிறது. வாரம் இரண்டு தடவை சென்னை, மாதம் ஒரு தடவை விருதுநகர் என்று ஓடுகிறவர், கடன் இல்லாதவர், பணம் சரக்கில் தேவைப்படாதவர் வாங்கினால் அது வீண் என்று சொல்லமாட்டோம்.

எங்கள் ஓட்டம் அப்படி இல்லை. குடோனிலிருந்து டவுனுக்குப் பன்னிரண்டு, பதினைந்து கி.மீ. இந்தக் குட்டை ஓட்டத்துக்கு டீசலும் வேண்டாம் என்றார் எங்கள் மெக்கானிக். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக, வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சூடாக ஓட வேண்டும். கடைக்கும் வீட்டுக்குமே ஓடினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். பெட்ரோல்தான் என்று முடிவாயிற்று.

ஸ்டெப்னியைப் பார்க்கச் சொல்லுங்கள். சில சொகுசு வண்டிகளில் முழு அளவு ஸ்டெப்னி இருப்பதில்லை. இரவு ஊசுட்டேரி பக்கம் பஞ்சரானால் யாரைக் கூப்பிடுவது? சர்வீஸ் எத்தனை கி.மீ. தூரத்தில், அன்றே திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். எஸ்.யூ.வி. என்றதும் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த வகுப்பில் பல வண்டிகளில் முன் சக்கரம் மட்டும்தான். தரைக்கும் வண்டிக்கும் உள்ள உயரம் கல்லுக்கும் வேகத்தடைக்கும் உதவும். தண்ணீருக்கு எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. புயலில் நாங்கள் படித்தது அது.

முழங்கால் வலியுள்ள எங்கள் வீட்டம்மாவை இரண்டிலும் ஏறி இறங்கச் சொன்னோம். நடுத்தர வண்டியில் இடுப்பைத் திருப்பி அப்படியே உட்கார்ந்தார்கள். சொகுசு வண்டியில் கொஞ்சம் தாழ உட்கார்ந்து, எழும்போது கதவைப் பிடித்தார்கள். எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாருக்குக் கால் வலியோ அவரையே அழைத்துக்கொண்டு போங்கள்.

2025 ஆகஸ்டிலேயே வரி குறையும் என்ற பேச்சு அடிபட்டதால் பொறுத்திருந்து, செப்டம்பர் 22க்குப் பிறகு நடுத்தர பெட்ரோல் வண்டியை எடுத்தோம். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூடவே, குடோனுக்கு ஒரு மினி லாரியும் வந்தது. சரக்கு வண்டிகளுக்கும் அன்றைக்கே ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆயிற்று. வரிக்கு முன் சுமார் ஆறு லட்சம், வரி ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த வரியை அந்த மாதக் கணக்கிலேயே உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டோம். வரித்தொகையைத் தேய்மானத்தில் சேர்க்கவில்லை, இரண்டையும் எடுக்கக்கூடாது.

தம்பி மகன் இப்போது மினி லாரி மாதம் எத்தனை நடை போகிறது, வாடகை வண்டிக்குக் கொடுத்தது எவ்வளவு மிச்சம் என்று தனிப் பேரேடு வைத்திருக்கிறான். அதன் கடைசிப் பக்கத்தில் எக்ஸ்-1 விலையையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறான். நாங்கள் பார்க்காத மாதிரி இருக்கிறோம்.